புகைக்கு உண்டு, அறைக்கு இல்லையா?

வெள்ளித்திரையிலே நாயகன் சிகரெட்டைப் பற்றவைக்கிறான். உடனே ஓடிவருகிறது எழுத்து, உயிரைக் கொல்லும் என்று! 2012 முதல் இது கட்டாய விதி. நல்ல விதி, வரவேற்கிறோம். அதே நாயகன் காதலியின் கன்னத்திலே அறைகிறான். எழுத்து எங்கே? காணோம்! கொட்டகையிலே கைதட்டல், திரையிலே காதல் பாட்டு!

2017-இல் தெலுங்கிலே 'அர்ஜுன் ரெட்டி', 2019-இல் இந்தியிலே 'கபீர் சிங்'. இரண்டிலும் காதலியை அறைகிற நாயகன். இரண்டுக்கும் 'ஏ' சான்று. சிறுவர்க்கு ஆகாது என்கிறது அந்த எழுத்து. எதனால் ஆகாது? முத்தத்தாலா, குருதியாலா, பெண்ணை உடைமையாக்கும் பேதைமையாலா? எழுத்து ஊமை, என் செய்வது!

2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம், அடியை மட்டுமா, வசையையும், காசு தராமல் வதைப்பதையும் கொடுமை என்கிறது. சட்டப் புத்தகத்திலே கொடுமை, சினிமாக் கொட்டகையிலே காதல்!

2023-இல் சட்டந்திருத்தி 'யுஏ'வை 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்தனர். பெற்றோர்க்கு அது உதவிதான். இணையவழிப் படங்களுக்கோ, வயதோடு காரணத்தையும் காட்டவேண்டும் என்று 2021-இலேயே விதி வந்துவிட்டது!

கத்தரிக்கோலா கேட்கிறோம்? 1952-இல் 'பராசக்தி'யைத் தடை செய் என்று கூச்சலிட்டோரைக் கண்ட இயக்கம் இது. கத்தரியின் குணம் நமக்குத் தெரியும். படம் ஓடட்டும். தொடங்குமுன் 'பெண் மீதான வன்முறை' என்று பெரிய எழுத்திலே போடட்டும். கீழே 181 என்ற மகளிர் உதவி எண்ணையும் போடட்டும். அந்த இருட்டிலே, நேற்று அடிவாங்கிய தங்கை ஒருத்தியும் உட்கார்ந்திருப்பாள்.