குரல் நாண்களுக்கும் ஓய்வு வேண்டும்

விளையாட்டு விழாவில் உங்கள் அணிக்காகத் தொண்டை கிழியக் கத்திவிட்டு, மறுநாள் பேச வாயெடுத்தால் கரகரப்பு மட்டுமே வந்ததுண்டா? "தொண்டை கட்டிக்கொண்டது" என்கிறோம். அப்போது உள்ளே என்ன நிகழ்கிறது?

கழுத்தின் முன்புறம் விரல்களை வைத்து 'ம்...' என்று ஒலி எழுப்புங்கள். அதிர்வு தெரிகிறதல்லவா? அங்கேதான் குரல்வளை இருக்கிறது. அதனுள் குரல் நாண்கள் எனப்படும் இரு மடிப்புகள் உள்ளன. மூச்சு விடும்போது இவை விலகி வழிவிடுகின்றன. பேசும்போது நெருங்கி நிற்கின்றன. நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றை அதிரச் செய்கிறது. ஆண்களுக்கு விநாடிக்குச் சுமார் 120 தடவையும், பெண்களுக்குச் சுமார் 200 தடவையும் இவை மோதி விலகுகின்றன. கணக்கிட்டுப் பாருங்கள். விநாடிக்கு 200 வீதம் மொத்தம் பத்து நிமிடம் ஒலி எழுப்பினால் 1,20,000 மோதல்கள்!

இவ்வியக்கத்தை 1854-இல் கண்டவர் மருத்துவர் அல்லர். மானுவேல் கார்சியா என்னும் இசை ஆசிரியர். நீண்ட பிடியுள்ள சிறு கண்ணாடியைத் தொண்டையில் வைத்து, மற்றொரு கண்ணாடியால் சூரிய ஒளியை அதன்மீது பாய்ச்சித் தம் குரல் நாண்களைத் தாமே பார்த்தார்.

கத்தும்போது மோதலின் வேகம் கூடுகிறது, நாண்கள் வீங்குகின்றன. வீங்கிய நாண்கள் சரிவர மூடாததால் காற்று கசிகிறது. அதுவே கரகரப்பு. சில நாள் ஓய்வு கொடுத்தால் வீக்கம் வடியும். நாள்தோறும் கத்தினாலோ, மண்வெட்டி பிடிக்கும் கையில் காய்ப்பு ஏறுவதுபோல நாண்களில் சிறு முடிச்சுகள் தோன்றலாம். ஆசிரியர்களுக்கும், பாடகர்களுக்கும், எப்போதும் கூச்சலிடும் சிறுவர்களுக்கும் இது வருவதுண்டு.

முடிச்சை வெட்டி எடுக்க வேண்டுமா? பெரும்பாலும் தேவையில்லை. கத்தும் பழக்கம் மாறாவிட்டால், வெட்டிய பின்னும் முடிச்சு திரும்ப வரலாம். எனவே குரல் பயிற்சியே முதல் சிகிச்சை. மூச்சை அளவாகச் செலவிட்டுப் பேசவும், தொண்டையை இறுக்காமல் ஒலி எழுப்பவும் பயிற்சியாளர் கற்றுத் தருவார். ஒரு பயிற்சி வேடிக்கையானது: உறிஞ்சுகுழலின் நுனியை நீரில் வைத்து, குமிழி வரும்படி 'ஊ...' என்று ஒலிப்பது. குழலில் தடைப்படும் காற்றின் அழுத்தம் நாண்களை மென்மையாக மோதச் செய்கிறது.

உங்கள் வயதில் மற்றொன்றும் நிகழும். பையன்களின் குரல்வளை விரைந்து வளர்வதால், குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்கும், இடையிடையே உடையும். இது நோயன்று. சிலருக்கு, குரல்வளை வளர்ந்த பின்னும் பழைய கீச்சுக் குரலே நீடிக்கும். அதையும் பயிற்சியால் பெரும்பாலும் சீராக்கலாம். அத்தகைய நண்பனைக் கேலி செய்யாதீர்கள். மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.

குரலைக் காப்பது எளிது. அடிக்கடி நீர் அருந்துங்கள். குடிக்கும் நீர் நாண்களைத் தொடுவதில்லை. உடலில் நீர் குறையாதிருந்தால் நாண்கள் ஈரமாக இருக்கும். அடிக்கடி செருமாதீர்கள். குரல் கம்மியபோது வலிந்து கிசுகிசுப்பதும் வேண்டாம். தொலைவில் உள்ளவரைக் கத்தி அழைப்பதைவிட, நான்கடி நடந்து சென்று பேசுங்கள்.

மூன்று வாரங்களுக்கு மேல் கரகரப்பு நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். உங்கள் வகுப்பு ஆசிரியரின் குரல் கம்மியிருக்கிறதா? நாளை வகுப்பில் அமைதியாக இருந்து பாருங்கள். அதுவும் ஒரு குரல் சிகிச்சைதான்!