சொன்னபடி கேளாத பாத்திரங்கள்

கதை எழுதுகிறவனுக்கு உள்ள அதிகாரம் இவ்வுலகில் வேறு எவருக்கும் இல்லை என்று நாம் எண்ணுகிறோம். அவன் நினைத்தால் ஏழையை அரசனாக்கலாம்; பிரிந்தவரைச் சேர்த்து வைக்கலாம்; வேண்டாதவரை ஒரே வரியில் மாய்த்துவிடலாம். தாளும் பேனாவும் அவனுடையவை; தட்டிக் கேட்பார் எவருமில்லை. ஆயினும், 'நான் எண்ணியபடி என் கதை நடக்கவில்லை. பாத்திரங்கள் என்னை மீறிப் போய்விட்டார்கள்' என்று கூறும் எழுத்தாளர்கள் பல மொழிகளிலும் உண்டு. படைத்தவன் பேச்சைப் படைக்கப்பட்டவர்கள் கேட்பதில்லை என்பது விந்தையன்றோ? இஃது அலங்காரப் பேச்சுத்தானா, அன்றி இதில் உண்மை ஏதேனும் உண்டா? புகழ்பெற்ற நாவல் ஒன்று உருவான வரலாற்றைக் கொண்டு இதனைச் சற்று ஆராய்வோம்.

ருஷ்ய நாட்டுப் பேராசிரியர் டால்ஸ்டாயின் பெயர் நமக்குப் புதிதன்று. 1910-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளும் அவருடைய நண்பர் காலன்பாக்கும் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்காக அமைத்த குடியிருப்புக்கு 'டால்ஸ்டாய் பண்ணை' என்றே பெயரிட்டார்கள். கடல் கடந்து சென்ற தமிழ் மக்கள் பலர் அங்கே வாழ்ந்தனர். அறநெறியை இத்துணைக் கண்டிப்பாகப் போற்றிய அப்பெரியாரையே ஒரு கதையின் பாத்திரங்கள் எதிர்த்து நின்று வென்றன என்பதுதான் இங்குச் சொல்ல வந்த செய்தி.

அந்தக் கதை 'அன்னா கரீனினா'. உயர்குடியில் மணவாழ்க்கை நடத்தி வந்த ஒருத்தி நெறி தவறி வீழ்வதைப் பற்றி எழுதக் கருதியிருப்பதாகவும், அவளைக் குற்றவாளியாகக் காட்டாமல் இரக்கத்திற்கு உரியவளாகக் காட்டுவதே தம் வேலை என்றும் டால்ஸ்டாய் தம்மிடம் கூறியதை, அவருடைய மனைவியார் 1870-ஆம் ஆண்டிலேயே குறித்து வைத்திருக்கிறார். 1872 ஜனவரியில் அவருடைய பண்ணைக்கு அருகிலுள்ள ரயில் நிலையத்தில் ஒரு துயரம் நிகழ்ந்தது. அண்டை நிலக்கிழார் ஒருவரோடு வாழ்ந்து, அவரால் கைவிடப்பட்ட பெண் ஒருத்தி சரக்கு ரயிலின் முன் விழுந்து உயிர் துறந்தாள். அவள் பெயரும் அன்னா. சிதைந்த அவ்வுடலை டால்ஸ்டாய் நேரில் கண்டார். மறு ஆண்டு நாவலை எழுதத் தொடங்கினார்.

இரங்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஆனால் தொடக்கத்தில் எழுதிய வரைவுகளில் அவருடைய கண்டிப்பே மேலோங்கி நின்றது. அவற்றில் கதாநாயகி ஆழமற்றவள், நாணமின்றி நடந்துகொள்பவள். கணவனோ மென்மையான உள்ளம் படைத்த நல்லவன். படிப்பவர் இரக்கம் முழுவதும் அவன் பக்கமே செல்லும். நாவலின் மற்றொரு பாதியைத் தாங்கி நிற்கும் லெவினுக்கு முதல் வரைவில் இடமே இல்லை. திரும்பத் திரும்ப எழுத எழுத, அந்தப் பெண் மாறிக்கொண்டே வந்தாள். அழகோடு அறிவும், அன்போடு பொய் பொறாத நெஞ்சமும் அவளுக்கு வந்து சேர்ந்தன. கணவன் வறண்ட மனிதனானான்; எனினும் கொடியவனாகவில்லை. தீர்ப்புச் சொல்ல அமர்ந்தவர், வழக்கை முழுவதும் கேட்க நேர்ந்தபோது, தாம் முன்பே எழுதி வைத்திருந்த தீர்ப்பு பொருந்தாததைக் கண்டார் என்றே சொல்ல வேண்டும்.

இதனினும் வியப்பானது அன்னாவின் காதலன் வ்ரான்ஸ்கியின் கதை. அன்னா பிள்ளைப்பேற்றுக்குப் பின் காய்ச்சல் கண்டு சாகக் கிடக்கிறாள். அழைப்புக் கிடைத்து வந்து சேர்ந்த கணவன், அவளை மன்னிக்கிறான். அவள் படுக்கையருகே முகத்தை மூடிக்கொண்டு அழும் வ்ரான்ஸ்கியையும் மன்னிக்கிறான். இச்சந்திப்புக்குப் பின் வ்ரான்ஸ்கியின் மனநிலை எவ்வாறிருந்தது என்பதை டால்ஸ்டாய் முன்னரே ஓர் அத்தியாயமாக எழுதி வைத்திருந்தார். பின்னர் அதனைத் திருத்துவதற்காகக் கையில் எடுத்தார். அப்பொழுது, தாம் சற்றும் எதிர்பாராத வகையில், ஆனால் ஐயத்திற்கு இடமேயின்றி, வ்ரான்ஸ்கி தன்னைத் தானே சுட்டுக்கொள்ளத் தொடங்கிவிட்டான் என்று 1876-ஆம் ஆண்டில் தம் நண்பரும் விமரிசகருமான ஸ்திராகோவுக்கு எழுதிய கடிதத்தில் தெரிவித்திருக்கிறார். மேலே நடக்க வேண்டிய கதைக்கு இச்செயல் இன்றியமையாதது என்பதும் பின்னரே அவருக்கு விளங்கியதாம்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. வ்ரான்ஸ்கி படைவீரன், மானத்தையே பெரிதென மதிப்பவன். அவனுடைய உலகில், ஏமாற்றப்பட்ட கணவன் நகைப்புக்கு இடமானவன். அக்கணவனோ ஒரே இரவில் மலைபோல் உயர்ந்து நிற்கிறான். தான் புழுதியில் கிடக்கிறான். கோபித்திருந்தால் அவனோடு போரிடலாம். மன்னித்தவனை என்ன செய்வது? அந்த அவமானத்தைத் தாங்கும் வழி வ்ரான்ஸ்கிக்குத் தெரியாது. ஆகவே கைத்துப்பாக்கியை எடுக்கிறான். குண்டு உயிரைக் குடிக்காமல் போகிறது. கதைத் திட்டத்தை வகுக்கும்போது ஆசிரியர் பாத்திரங்களைத் தொலைவிலிருந்து காண்கிறார். எழுதும்போதோ அவர்களோடு ஒரே அறையில் இருக்கிறார். அருகில் இருந்து பார்த்தபின் பழைய திட்டம் பொய்யாகத் தோன்றுகிறது. நேர்மையுள்ள ஆசிரியர் திட்டத்தைக் கைவிடுகிறார். அல்லாதவர் மனிதனைக் கைவிடுகிறார்.

அந்நாவல் 1875 முதல் 1877 வரை ஒரு மாதப் பத்திரிகையில் தொடராக வெளிவந்தது என்பதையும் கருத வேண்டும். தொடர்கதைக்காகத் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்ற நம்மவர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். அச்சேறிய அத்தியாயத்தைத் திரும்பப் பெற இயலாது. அதில் ஒருவன் எத்தகையவன் என்று காட்டிவிட்டால், அடுத்த இதழில் அவன் வேறொருவனாக நடக்க முடியாது.

பிற்காலத்தில் டால்ஸ்டாயைக் காண வந்த ஒருவர், அன்னாவை ரயிலின் கீழ் மாளச் செய்தது கொடுமையல்லவா என்று கேட்டாராம். அவர் புன்னகையோடு கவிஞர் புஷ்கினைப் பற்றிய ஒரு செய்தியைச் சொன்னார். புஷ்கின் தம் காவிய நாயகி தாத்யானா மணம் செய்துகொண்டுவிட்டாள் என்றும், அவள் அவ்வாறு செய்வாள் எனத் தாம் நினைக்கவில்லை என்றும் நண்பர் ஒருவரிடம் சொன்னாராம். அன்னாவைப் பற்றித் தாமும் அதையே சொல்ல வேண்டும் என்பது டால்ஸ்டாயின் விடை. பாத்திரங்கள் தாம் விரும்பியதைச் செய்வதில்லை. வாழ்க்கையில் நடப்பது எதுவோ அதையே செய்கிறார்கள் என்றார் அவர்.

இக்கூற்றை ஏற்காதவரும் உண்டு. ருஷ்யாவில் பிறந்து ஆங்கிலத்திலும் எழுதிப் புகழ்பெற்ற நபகோவ், 1967-இல் வெளிவந்த ஒரு பேட்டியில் இதனைப் பழங்கதை என்று தள்ளி, தம் பாத்திரங்கள் கப்பலில் துடுப்பு வலிக்கும் அடிமைகளே என்றார். இத்தனைக்கும் அவர் 'அன்னா கரீனினா'வைப் பெரிதும் போற்றி, அமெரிக்க மாணவர்களுக்கு அதனைப் பாடம் சொன்னவர்! அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. பேனா என்றும் ஆசிரியர் கையில்தான் இருக்கிறது. முடிவும் மாறவில்லை, அன்னா இறக்கத்தான் இறக்கிறாள். மாறியது ஆசிரியரின் உள்ளம். பழிக்கத்தக்கவளாக அவர் கையில் முதலில் உருவானவள், நாம் நெஞ்சம் கலங்கி நினைக்கும் பெண்ணாக நிலைத்துவிட்டாள்.

நாவல் எழுதாத நாமும் கதைத் திட்டம் வகுக்காமல் இருப்பதில்லை. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த குடும்பங்களில் இது இன்னும் மிகுதி. மகன் இன்ன படிப்புப் படிப்பான். மகளுக்கு இன்ன ஊரில் சம்பந்தம். வேலை ஓய்ந்ததும் அனைவரும் சொந்த ஊர் திரும்புவோம் என்று, குழந்தை தவழும் முன்பே கடைசி அத்தியாயத்தை எழுதி முடித்துவிடுகிறோம். அந்தக் குழந்தையோ இவ்வூர் மண்ணில் விளையாடி, இவ்வூர் மொழியில் சிரித்து, நாம் எதிர்பாராத ஓர் ஆளாக ஒரு நாள் நம் எதிரே வந்து நிற்கிறது. நம் திட்டத்தில் அன்பு இல்லை என்பதன்று. அதை எழுதியபோது அந்த ஆளை நாம் அறிந்திருக்கவில்லை.

தாமே படைத்த ஒருவனுக்காக, எழுதி வைத்த அத்தியாயத்தை அடித்து மீண்டும் எழுத டால்ஸ்டாய் தயங்கவில்லை. உயிரோடு நம் எதிரே நிற்பவர்களுக்காக நாம் ஒரு பக்கத்தையேனும் திருத்திக்கொள்ளலாகாதா?