ஒரே தீ, இரண்டு கவிதைகள்

1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 90,000க்கும் மேற்பட்ட நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. அந்த நாட்களின் தீயிலிருந்து வந்த கவிதைகளில் இரண்டை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம்: எம்.ஏ. நுஃமானின் 'புத்தரின் படுகொலை', சேரனின் 'இரண்டாவது சூரிய உதயம்'. ரெண்டு ஃபைலைப் பக்கத்துல வெச்சு எங்கெங்கே மாறுதுன்னு பாக்குறது என் தொழில். கவிதைக்கும் அது ஓரளவு உதவும்.

குரல்

நுஃமான் கவிதையில் 'என்' என்ற சொல் ஆரம்பத்தில், இது தன் கனவு என்று சொல்வதற்கு மட்டும் வருகிறது. பிறகு அவர் ஒதுங்கிக்கொள்கிறார். அமைச்சர்கள் வருகிறார்கள், கேட்கிறார்கள், சுட்டவர்கள் பதில் சொல்கிறார்கள். பட்டியலில் இல்லாத ஆளை ஏன் கொன்றீர்கள் என்பதுதான் கேள்வி! கொலை அங்கே ஆபீஸ் விவகாரம்போல விசாரிக்கப்படுகிறது. கவிஞர் எங்கும் குரலை உயர்த்துவதில்லை. அதனால்தான் நமக்கு உறைக்கிறது.

சேரன் கவிதையில் 'எனது' திரும்பத் திரும்ப வருகிறது: நகரம், மக்கள், நிலம். கேள்விகளும் உண்டு. ஆனால் அவை கைகட்டி நிற்கும் தன் சனங்களைப் பார்த்துக் கேட்டவை. நுஃமான் எரித்தவர்களைப் பேசவிட்டு அம்பலப்படுத்துகிறார். சேரன் எரிந்த ஊரை எழுப்பப் பார்க்கிறார்.

படிமம், குறியீடு

நுஃமானின் புத்தர் நூலகப் படிக்கட்டருகே கிடக்கிறார். புத்தகங்களால் மூடி அவரை எரிக்கிறார்கள். சிகாலோவாத சூத்திரமும் தம்மபதமும் சேர்ந்தே சாம்பலாகின்றன. முன்னது இல்லறத்தானுக்குப் புத்தர் சொன்ன ஒழுக்கம்: பெற்றோர், ஆசிரியர், நண்பர் என ஒவ்வொருவரிடமும் எப்படி நடப்பது என்பது. பௌத்தத்தின் காவலர் என்று சொல்லிக்கொள்ளும் அரசின் ஆட்கள் கொளுத்துவது அதைத்தான். எதிராளியின் கடவுளைத் திட்டாமல், அவரையே பலியானவராகக் காட்டிவிட்டார் நுஃமான். இது லேசான வேலை இல்லீங்க.

சேரனிடம் மதச் சின்னம் எதுவும் இல்லை. காற்றில்லாத நாள், அசையாத கடல், கால் புதையும் மணல். சூரியன் தெற்கே உதிக்கிறது. தீபகற்பத்தின் வடகரையில் நிற்பவனுக்கு யாழ் நகரம் தெற்குத் திசை என்பதை நினைத்துக்கொண்டால், அந்த வெளிச்சம் என்னவென்று புரியும். விடியலின் அடையாளமான சூரியன் இங்கே அழிவின் அடையாளம். கவிதை முடியும்போது அதுவே எழுச்சிக்கான அழைப்பாகவும் மாறுகிறது.

என்னை நிறுத்திய இடம் ஒன்று. நுஃமானிடம் நெருப்பு எழுத்தை அழிக்கிறது. சேரனிடம் நெருப்பு மேகத்தில் செய்தி எழுதுகிறது. தீ ஒன்றுதான். ஒருவருக்கு அது அறத்தின் முடிவு, இன்னொருவருக்கு அரசியலின் தொடக்கம்.

கரு

ரெண்டுமே அரச வன்முறையைப் பற்றியவைதான். ஆனால் 'நாம்' யார் என்பதில் வேறுபடுகின்றன. சேரன் அளவெட்டிக்காரர், கவிஞர் மஹாகவியின் மகன். அவருடைய 'எனது' சொந்த மண்ணின் உரிமைக் குரல். நுஃமான் கல்முனையைச் சேர்ந்த முஸ்லிம். தமிழர் நூலகத்தின் வாசலில் ஒரு முஸ்லிம் கவிஞர் புத்தருக்காகத் துக்கப்படுகிறார். அந்த 'நாம்' ரொம்பப் பெரிசு.

1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அதற்குச் சேரனின் கவிதையைப் பொறுப்பாக்க முடியாது. ஊர் எரியும்போது 'என் மக்கள்' என்று கதறாமல் யாரால் இருக்க முடியும்? ஆனால் 1990-ஐ அறிந்தபின் படிக்கும்போது, அந்த 'என்' யாரையெல்லாம் உள்ளே சேர்த்துக்கொண்டது என்ற கேள்வி எழத்தான் செய்கிறது. அதனால் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் படிக்கச் சொல்வேன். முதலில் சேரன், பிறகு நுஃமான்.