சிறைக் காவலர் கற்கும் பாடம்

குற்றத்திற்காக ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் நீதிமன்றம் அவருடைய சுதந்திரத்தைப் பறிக்கிறதேயன்றி, அவர் சரீரத்தைப் பிறர் இச்சைக்கு ஒப்படைத்துவிடுவதில்லை. ஆயினும் அமெரிக்கச் சிறைகளில் நிகழ்ந்த பலாத்காரங்களைத் தண்டனையின் ஓர் அங்கமென்றே கருதி, அவற்றைப் பற்றி ஹாஸ்யம் பேசவும் கூசாத மனோபாவம் அந்நாட்டில் நெடுங்காலம் நிலவியது. கைதிக்கு நேரக்கூடிய பெருந்தீங்கை அறிந்தும் அலட்சியம் செய்யும் அதிகாரி அரசியல் சட்டத்தையே மீறுகிறார் என்று 1994-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2003-இல் சிறைப் பலாத்கார ஒழிப்புச் சட்டம் எதிர்ப்பின்றி நிறைவேறியது. 2012-இல் அதன் விதிகள் வெளியாயின.

அவ்விதிகளின்படி, கைதிகளுடன் பழகும் சிப்பந்தி ஒவ்வொருவரும் பயிற்சி பெற்று, ஈராண்டுக்கொருமுறை அதைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். பாடத்தைக் கேட்டதாக அன்று, விளங்கிக்கொண்டதாகவே அவர்கள் கையொப்பமிட வேண்டும். கையொப்பமிட்டவர்க்கெல்லாம் விளங்கிவிட்டதென்று நம்புவதற்கு நமக்குச் சற்றுத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

அசம்பாவிதம் நேர்ந்துவிட்டால், முதலில் வந்து சேரும் காவலர் துன்புற்றவரையும் குற்றம் சாட்டப்பட்டவரையும் பிரித்து, சம்பவம் நடந்த இடத்தை எவரும் கலைக்காதபடி காக்க வேண்டும். அவமானத்தால் குன்றிப்போனவருக்கு உடனே நீராடி, உடை மாற்றி, அந்த ஸ்பரிசத்தின் சுவடே இல்லாமல் கழுவிவிட வேண்டுமென்றுதான் தோன்றும். கழுவினாலோ சாட்சியமும் உடன் போய்விடும். இங்கே விதியின் நுட்பம் கவனிக்கத்தக்கது: குற்றம் சாட்டப்பட்டவர் குளித்துவிடாதபடி காவலர் பார்த்துக்கொள்ள வேண்டும், துன்புற்றவரிடமோ, குளிக்க வேண்டாமென்று கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவே. அதட்டியே பழகிய நாவுக்கு வேண்டிக்கொள்ளக் கற்பிப்பது எளிதன்று.

அதனினும் கடினமானது காவலரே குற்றவாளியாகும் நிலை. 2011–12-இல் அரசாங்கம் நடத்திய கணக்கெடுப்பில், மாநில, மத்திய சிறைக் கைதிகளில் நூற்றுக்கு 4 பேர் பாலியல் கொடுமையைப் பற்றிக் கூறினர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் சுட்டியது சிறைச் சிப்பந்திகளையே. கைதி இசைந்துதான் நடந்தது என்னும் வாதத்துக்கு மத்திய சட்டத்தில் இடமில்லை. உணவும் கடிதமும் உற்றாரின் சந்திப்பும் எவர் தயவில் இருக்கின்றனவோ, அவருக்கு அளிக்கும் சம்மதம் சம்மதமாகாதல்லவா? ஆகவே, சக ஊழியர் மீது சந்தேகம் எழுந்தாலும் உடனே மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டுமென்று பயிற்சி கற்பிக்கிறது. தெரிவித்தவர் பழிவாங்கப்படுகிறாரா என்று 90 நாளேனும் கண்காணிக்கவும் விதி இருக்கிறது.

மேலிடமே கெட்டிருந்தால்? கலிபோர்னியாவில் டப்ளின் என்னும் ஊரிலிருந்த மத்திய பெண்கள் சிறையில், கைதிப் பெண்களிடம் தகாது நடந்ததற்காக 2022-இல் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்ட தலைமை அதிகாரியே, சிறைப் பலாத்கார ஒழிப்புச் சட்டத்தைப் பற்றிப் பிறருக்குப் பயிற்சியளிக்கும் பொறுப்பையும் வகித்தவர். சிறை நிர்வாகத்தைச் சாராத ஓரிடத்திலும் கைதி முறையிட வழியிருக்க வேண்டுமென்று விதிகள் வற்புறுத்துவதன் அவசியம் இங்கேதான் புலப்படுகிறது. வேறு பல சிப்பந்திகளும் தண்டிக்கப்பட்ட அந்தச் சிறை 2024-இல் மூடப்பட்டது.