எல்லைக் கோட்டில் ஒரு சிவாலயம்

இன்று தாய்லாந்து எனப்படும் ஸயாமுக்கும் காம்போஜத்துக்கும் நடுவே, தாங்ரெக் மலையுச்சியில், கெமர் மன்னர்கள் சிவபெருமானுக்கு எழுப்பிய பிரே விஹார் ஆலயம் நிற்கிறது. மலையில் நீர் பிரியும் வரம்பே எல்லை என்று 1904-இல் ஸயாமும் பிரான்ஸும் உடன்படிக்கை செய்துகொண்டன. ஆனால் 1907-இல் பிரெஞ்சு அதிகாரிகள் வரைந்த படமோ ஆலயத்தைக் காம்போஜத்தின் பக்கம் சேர்த்தது. அது காம்போஜத்துக்கே உரியது என்று 1962-இல் சர்வதேச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

சச்சரவு ஓய்ந்ததா? 2008 முதல் 2011 வரை ஆலயத்தைச் சுற்றிப் பலமுறை குண்டுகள் பாய்ந்தன. 2025-இல் எல்லை நெடுகிலும் போர் மூண்டு, இரு பக்கமும் இலட்சக்கணக்கான ஜனங்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள்.

அன்னியன் கிழித்த கோட்டுக்காக அண்டை வீட்டார் அடித்துக்கொள்ளும் துயரம் நாம் அறியாததன்று. கோயிலை எவர் வென்றாலென்ன, விளக்கேற்ற ஊரில் ஆள் இருக்க வேண்டாமா?