கன்டெய்னருக்கு வெளியே ஒரு கணக்கு நோட்டு

ஒரு வேலை முடிந்த பிறகும் மென்பொருள் மறக்கக் கூடாத தகவலைக் கணினித் துறையினர் ‘ஸ்டேட்’ என்கிறார்கள். தமிழில் நிலை என்று சொல்லலாம். வங்கிக் கணக்கின் மீதித் தொகை, ரயிலில் காலியாக உள்ள படுக்கைகள், கிடங்கில் அடுக்கியிருக்கும் முட்டைத் தட்டுகள் எல்லாம் இந்த வகை. இதை எங்கே வைப்பது என்பதற்கு நெடுஞ்சாலையிலேயே ஒரு விடை இருக்கிறது. சேலத்திலிருந்து நாமக்கல் வரும் லாரி ராசாம்பாளையம் சுங்கச்சாவடியில் நுழையும்போது, முன்கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்கை மேலே பொருத்திய கருவி படிக்கிறது. 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் நாடு முழுவதும் கட்டாயமாக்கப்பட்ட அந்த ஸ்டிக்கருக்குள் பணம் இல்லை, அடையாள எண்தான் இருக்கிறது. பணம் வங்கியின் கணக்கில் இருக்கிறது. அதனால் ஸ்டிக்கர் கிழிந்து போனாலும் மீதித் தொகைக்கு ஒன்றும் ஆவதில்லை.

கிளவுடில் ஓடும் இன்றைய மென்பொருள்களும் இந்த முறையில்தான் கட்டப்படுகின்றன. ஸ்டிக்கரின் இடத்தில் அங்கே கன்டெய்னர் இருக்கிறது. துறைமுகத்திலிருந்து வரும் இரும்புப் பெட்டி எந்த டிரெய்லரிலும் ஏறுவதைப் போல, ஒரு புரோகிராமையும் அது ஓடத் தேவையான துணைக் கோப்புகளையும் ஒரே கட்டாகக் கட்டி எந்த சர்வரிலும் இயக்கலாம். 2013இல் வெளியான டாக்கர் இந்த முறையைப் பரவலாக்கியது. கூகுள் 2014இல் வெளியிட்ட குபர்நெட்டிஸ், நூற்றுக்கணக்கான கன்டெய்னர்களை மேய்க்கும் வேலையைச் செய்கிறது. ஒன்று விழுந்தால் அதே அச்சில் வேறொன்றை எழுப்பும். கூட்டம் கூடினால் பிரதிகளைக் கூட்டும், குறைந்தால் கலைக்கும். கலைக்கப்படும் கன்டெய்னருக்குள் எழுதி வைத்த எதுவும் அதோடு அழிந்துவிடும். எனவே நிலையை அதற்கு வெளியே வைக்க வேண்டும்.

நாமக்கல் முட்டை வியாபாரத்தை வைத்து இதைப் பார்க்கலாம். 1982இல் தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் நாமக்கல் மண்டல விலையைப் பார்த்துத்தான் பண்ணையாளர்களும் வியாபாரிகளும் பேரம் பேசுகிறார்கள். ஒரு மொத்த வியாபாரி தனக்கென்று செயலி செய்துகொள்வதாக வைத்துக்கொண்டால், அதில் விலை, ஆர்டர், இருப்பு, லாரி என நான்கு பகுதிகள் வரும். நான்கையும் ஒரே புரோகிராமாக எழுதாமல் தனித்தனியாக எழுதி, தனித்தனிக் கன்டெய்னர்களில் ஓடவிடுவதுதான் மைக்ரோசர்வீஸ். புதிய விலை வந்ததும் எல்லோரும் விலையைத்தான் பார்ப்பார்கள். அப்போது விலைப் பகுதிக்கு மட்டும் பிரதிகளைக் கூட்டினால் போதும். லாரிப் பகுதியைத் திருத்தும்போது ஆர்டரை நிறுத்த வேண்டியதில்லை.

நான்கு பகுதிகளும் எழுதிப் படிக்கும் கணக்கு நோட்டுதான் டேட்டாபேஸ். அதைச் சொந்தமாக நிறுவி, இரவு பகலாகக் காவல் காப்பது சிறிய நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகாது. அமேசான் 2009இல் ஆர்.டி.எஸ். என்ற பெயரில் பராமரிப்போடு சேர்த்து டேட்டாபேஸை வாடகைக்கு விடத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட், கூகுள் நிறுவனங்களிடமும் இது உண்டு. நிறுவுவது, பாதுகாப்புத் திருத்தங்களைச் சேர்ப்பது, நகல் எடுப்பது, மாற்று சர்வரைத் தயாராக வைப்பது ஆகியவை வாடகைக்கு விடுபவரின் வேலை. அட்டவணைகளைச் சரியாக வடிவமைப்பதும், யாருக்கு எந்த அனுமதி என்று தீர்மானிப்பதும் வாடிக்கையாளரின் பொறுப்பு.

எந்த ஊர் டேட்டா சென்டர் என்பதையும் பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2015இல் சென்னை, புனே, மும்பையிலும், அமேசான் 2016இல் மும்பையிலும் சேவையைத் தொடங்கின. கன்டெய்னர்களும் டேட்டாபேஸும் ஒரே வட்டாரத்தில் இருந்தால் ஒரு கேள்விக்குச் சில மில்லிநொடிகளில் பதில் கிடைக்கும். ஒன்று சென்னையிலும் மற்றொன்று அமெரிக்காவிலும் இருந்தால் ஏறத்தாழ கால் நொடி பிடிக்கும். ஒரு திரை திறக்க அடுத்தடுத்து 20 கேள்விகள் தேவைப்பட்டால் அது 5 நொடியாகிவிடும்.

இணைப்புக்கு ஐந்து விவரங்கள் வேண்டும்: டேட்டாபேஸின் முகவரி, போர்ட் எண், டேட்டாபேஸின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல். பரவலாகப் பயன்படும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு வழக்கமான போர்ட் 5432. இவற்றைக் கன்டெய்னர் கட்டுக்குள் எழுதக் கூடாது. கட்டு யார் கைக்குப் போனாலும் சாவியும் கூடவே போய்விடும். கன்டெய்னர் எழும் நேரத்தில் வெளியிலிருந்து கொடுப்பதே முறை. குபர்நெட்டிஸில் இதற்கென்று ‘சீக்ரெட்’ உண்டு. ஆனால் தனியாக ஏற்பாடு செய்யாவிட்டால், அது எழுதும் வடிவத்தை மாற்றி வைக்குமே தவிர பூட்டி வைக்காது. டேட்டாபேஸைத் தனி நெட்வொர்க்குக்குள் வைப்பதும், போய்வரும் தகவலைக் குறியாக்கம் செய்வதும் அவசியம். ஒவ்வொரு பகுதிக்கும் தனிப் பயனர் பெயரும், அதற்குத் தேவையான அனுமதி மட்டும் கொடுத்துவிட்டால், விலைப் பகுதியில் யாராவது ஊடுருவினாலும் ஆர்டர்களில் கை வைக்க முடியாது.

இணைப்புகளின் எண்ணிக்கை பலருக்கும் தாமதமாகத் தெரியவரும் சிக்கல். போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு தனிப் புராசஸைத் தொடங்குகிறது. நாம் மாற்றாதவரை அதன் உச்சவரம்பு 100. ஒவ்வொரு முறையும் புதிதாக இணைவது நேரம் பிடிக்கும் என்பதால், ஒவ்வொரு கன்டெய்னரும் சில இணைப்புகளைத் திறந்தே வைத்திருக்கும். நான்கு பகுதிகளுக்குத் தலா 2 பிரதிகள், பிரதிக்கு 10 இணைப்புகள் என்றால் 80. விலை வந்ததும் விலைப் பகுதி 6 பிரதிகளாகப் பெருகினால் கணக்கு 120 ஆகிறது. 100 நிறைந்ததும் அடுத்து வரும் கன்டெய்னருக்குக் கதவு சாத்தப்படும். கூட்டத்தைச் சமாளிக்கத்தான் பிரதிகள் கூட்டப்பட்டன, அவையே கூட்டமாகிவிடுகின்றன. பிரதிக்கு எத்தனை இணைப்பு என்பதைக் குறைப்பது ஒரு தீர்வு. பிஜிபவுன்சர் போன்ற இடைநிலை மென்பொருளை நடுவில் வைத்து, சில இணைப்புகளைப் பலரும் மாறிமாறிப் பயன்படுத்துவது மற்றொன்று.

ஒரே வரியில் இருவர் ஒரே நேரத்தில் கை வைப்பது அடுத்த சிக்கல். கிடங்கில் 1,000 தட்டுகள், தட்டுக்கு 30 வீதம் 30,000 முட்டைகள் இருக்கின்றன. இரண்டு வியாபாரிகள் ஒரே நொடியில் தலா 600 தட்டுகள் கேட்கிறார்கள். இருப்புப் பகுதியின் இரண்டு பிரதிகளும் ‘1,000 உள்ளது’ என்று படித்து, தனித்தனியே கழித்து, ‘400’ என்று எழுதிவிடுகின்றன. விற்றது 1,200, இருந்ததோ 1,000. கழித்தலைக் கன்டெய்னரில் செய்யாமல், ‘இருப்பு 600க்குக் குறையாவிட்டால் மட்டும் 600 கழி’ என்று டேட்டாபேஸிடம் ஒரே கட்டளையாகச் சொன்னால் இது நேராது. முதல் கட்டளை முடியும்வரை அந்த வரி பூட்டப்பட்டிருக்கும். இரண்டாவது கட்டளை 400ஐப் பார்த்துத் திரும்பிவிடும். ஆர்டரைப் பதிவதும் இருப்பைக் கழிப்பதும் ஒரே பரிவர்த்தனையாக இருந்தால், இரண்டும் நடக்கும் அல்லது இரண்டுமே நடக்காது. பகுதிக்கு ஒரு டேட்டாபேஸ் என்று பிரித்துவிட்டால் இந்த வசதி போய்விடும். பாதியில் நின்றால் முன்பு செய்ததை ரத்து செய்யும் வழியைத் தனியாக எழுத வேண்டும்.

முதன்மை சர்வர் பழுதானால் மாற்று சர்வர் பொறுப்பேற்கும். அமேசானின் ஆர்.டி.எஸ். சேவையில் இதற்கு வழக்கமாக ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் ஆகும். டேட்டாபேஸின் பெயர் மாறாது. அந்தப் பெயர் சுட்டும் சர்வர்தான் மாறும். ஆகவே எண் முகவரியை எழுதி வைக்காமல் பெயரையே பயன்படுத்த வேண்டும். இணைப்பு அறுந்ததும் எல்லாக் கன்டெய்னர்களும் விடாமல் தட்டினால் புதிய சர்வர் எழுந்திருக்கவே திணறும். ஒவ்வொரு முயற்சிக்கும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். மீண்டும் முயல்வதில் வேறோர் ஆபத்தும் உண்டு: முதல் முயற்சியிலேயே ஆர்டர் பதிவாகி, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். ஆர்டருக்குத் தனி எண் கொடுத்து, அதே எண் இரண்டாம் முறை வந்தால் பதியாமல் விட்டால், 600 தட்டு 1,200 ஆகாது.

மாற்று சர்வர் இருப்பதால் நகல் வேண்டாம் என்றாகாது. யாராவது ஓர் அட்டவணையைத் தவறுதலாக அழித்தால் மாற்று சர்வரிலும் அது அழிந்துவிடும். ஆர்.டி.எஸ். தானாக எடுக்கும் நகல்களை 35 நாள்வரை வைத்திருக்கலாம். அவற்றிலிருந்து குறிப்பிட்ட நேரத்தில் இருந்தபடியே மீட்கவும் முடியும். மீட்டது வேறு முகவரியில் புதிய டேட்டாபேஸாக வரும் என்பதால், கன்டெய்னர்களுக்கு அந்த முகவரியைத் தெரிவிக்கும் வேலையும் உண்டு.

இவையெல்லாம் ஒழுங்காக அமைந்திருக்கின்றனவா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஆர்டர்கள் வந்துகொண்டிருக்கும்போதே இருப்புப் பகுதியின் ஒரு கன்டெய்னரை வேண்டுமென்றே அழித்துவிட்டு, விற்ற தட்டுகளையும் மிச்சத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டுத்தொகை 1,000 வந்தால் கணக்கு சரியான இடத்தில் இருக்கிறது.