கேம்பிரல் கூரை

கேம்பிரல் கூரை என்பது, முகட்டின் இரு பக்கங்களிலும் இவ்விரண்டு சரிவுகளைக் கொண்ட கூரை வகை ஆகும். மேற்சரிவு தாழ்ந்தும், கீழ்ச்சரிவு செங்குத்தாகவும் அமையும். குதிரையின் பின்னங்கால் மடிப்பைக் குறிக்கும் சொல்லே இதன் பெயராயிற்று. ஐக்கிய அமெரிக்காவின் பண்ணைக் களஞ்சியங்களில் இது பரவலாகக் காணப்படுகின்றது. நாற்புறமும் சரியும் மான்சார்டு கூரை வேறானது.

அளவுகள்

இவ்வடிவத்தை அரைவட்டத்தின் உதவியால் எளிதில் பெறலாம். 24 அடி அகலக் கட்டடத்துக்கு 12 அடி ஆரமுள்ள அரைவட்டம் வரைந்து, அதனை நான்கு சம விற்களாகப் பிரித்துப் புள்ளிகளை இணைத்தால், கீழ்ச்சரிவு 67.5 பாகையும் மேற்சரிவு 22.5 பாகையும் பெறும். கைமரங்கள் நான்கும் ஒரே நீளம் (ஏறத்தாழ 9 அடி 2 அங்குலம்); முனை வெட்டுக்கோணங்களும் ஒன்றே. எனவே ஒரே மாதிரியை வைத்து அனைத்தையும் அறுக்கலாம். இதே உயரமுடைய இருசரிவுக் கூரையைவிட உள்ளே சுமார் 41 விழுக்காடு கூடுதல் இடம் கிடைக்கும். வைக்கோல் சேமிப்போர் இதனை விரும்பியதில் வியப்பில்லை.

மூட்டுகள்

சரிவு மாறும் மூட்டே இக்கூரையின் நலிந்த இடம். அங்கு ஆணி மட்டும் போதாது. இருபுறமும் ஒட்டுப்பலகைத் துண்டுகளைப் பசையிட்டு அறைதல் வேண்டும். கைமரங்களின் அடிகள் சுவர்களை வெளிநோக்கித் தள்ளும். பரணின் தரைவிட்டங்கள் சுவருக்குச் சுவர் தொடர்ந்து சென்று அவ்வடிகளுடன் பிணைக்கப்பட்டால்தான் இத்தள்ளுவிசை தாங்கப்படும். படிக்கட்டுக்காக ஒரு விட்டத்தை இடையில் அறுத்துவிட்டால், அவ்விடத்தில் சுவர் சாயத் தொடங்கலாம். பனி பொழியும் இடங்களில், தாழ்ந்த மேற்சரிவில் தங்கும் பனியின் சுமையும் கணக்கிடப்படல் வேண்டும்.